படத்தொகுப்புக்கேற்ற மடிக்கணினி

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சங்கத்தின் குடும்பக் கூட்டங்களில் வழக்கமாகக் குறளின்பமும் கம்பன் கவிநயமும் பேசப்பெறும். இம்முறை செயற்குழுவினர் எமக்கு அளித்த பொருளோ மடிக்கணினி; அதிலும், படத்தொகுப்புக்கும் கிராபிக்ஸ் வேலைக்கும் ஏற்ற ஆற்றல் மிக்க மடிக்கணினியை எங்ஙனம் தேர்ந்து வாங்குவது என்பது. இலக்கிய மேடையில் கடைச் சரக்குக்கு என்ன வேலை என்று முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் புன்முறுவல் செய்வது தெரிகிறது. ஆயினும் இப்பொருள் நம் குடியிருப்பின் பல வீடுகளில் இன்று இரவு உணவு வேளையின் பேச்சாக இருப்பதை அவர்களும் அறிவார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மகன், “பொறியியல் வேண்டா, காட்சித் தொடர்பியல் படிக்கிறேன்” என்கிறான். மகளோ அனிமேஷன் பயில விழைகிறாள். கல்லூரிக் கட்டணத்தைப் பேசி முடித்து மூச்சு விடுமுன்னரே, “அப்பா, மடிக்கணினி ஒன்று வேண்டும், ஒன்றரை இலட்சம் ஆகும்” என்ற சொல் வருகிறது. தந்தையார் ஓய்வு பெறச் சில ஆண்டுகளே உள்ளன. வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுத்தால் மூத்தவளின் திருமணத்துக்கு என்ன செய்வது என அன்னையார் கணக்கிடுகிறார். வாங்கிக் கொடுக்காவிடில் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்பது ஓர் அச்சம். வாங்கிய பின் அது பயன்படாவிடில் மறுமுறை வாங்க வழியில்லையே என்பது மற்றோர் அச்சம். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று முடிவெடுக்க வேண்டியவர்களை எண்ணியே இவ்வுரையை அமைத்துள்ளோம்.

முதற்கண் ஒன்று. பிள்ளை கேட்பது விளையாட்டுப் பொருளா, பிழைப்புக்கான கருவியா என்ற ஐயம் பல பெற்றோர்க்கு உண்டு. அவ்வையம் இயல்பே. நம் தலைமுறை அறிந்த படத்தொகுப்பு வீட்டுக்குள் நடக்கும் தொழில் அன்று. 1924-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய மூவியோலா என்னும் பொறியின் முன் அமர்ந்து, படச்சுருளைக் கத்தரித்தும் ஒட்டியும் செய்த வேலை அது. கோடம்பாக்கத்துத் தொகுப்பாளர்களும் நெடுங்காலம் அதனையே கையாண்டனர். அப்பொறியை ஒரு குடும்பம் தன் வீட்டுக்கு வாங்குதல் என்ற பேச்சே எழவில்லை. பின்னர் நிலை மாறிற்று. 2003-இல் வெளிவந்த ‘கோல்ட் மவுண்டன்’ என்னும் பெரும் படத்தை வால்டர் மர்ச் என்னும் புகழ்பெற்ற தொகுப்பாளர், எவரும் கடையில் வாங்கக்கூடிய ஆப்பிள் கணினிகளையும் ஃபைனல் கட் ப்ரோ மென்பொருளையும் கொண்டு தொகுத்தார். அத்தொகுப்பு ஆஸ்கர் பரிசுக்கு முன்மொழியவும் பெற்றது. 2024-இல் லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் வெளியிட்ட ‘ஃப்ளோ’ என்னும் உரையாடலற்ற அனிமேஷன் படம் பிளெண்டர் என்ற மென்பொருளால் ஆக்கப்பட்டது; 2025-இல் ஆஸ்கர் பரிசும் வென்றது. அந்த பிளெண்டர் எவரும் விலையின்றிப் பெறக்கூடியது. நம் வீட்டுப் பெண் கல்லூரி விடுதியில் பயில்வதும் அதே மென்பொருளாக இருக்கக்கூடும். ஆதலின் கேட்பது கருவிதான். எந்தக் கருவி என்பதே வினா.

கடைக்குச் சென்றவுடன் விற்பனையாளர் கேட்கும் முதற் கேள்வி, “பட்ஜெட் என்ன சார்?” என்பது. நாம் ஒரு தொகை சொன்னவுடன் அத்தொகைக்குச் சற்று மேற்பட்ட ஒரு பொறியை எடுத்து முன்வைப்பார். அதன் மேல் ஒட்டியுள்ள வண்ணச் சீட்டுகளைக் காட்டி ஐ7 என்பார், ஆர்.டி.எக்ஸ். என்பார், விளையாட்டுக்கென்றே செய்தது என்பார். இவை யாவும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அவர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: பிள்ளை எந்தக் கேமராவில் எடுத்த படத்தை, எந்த மென்பொருளில் இட்டு, என்ன செய்யப்போகிறது? இதற்கு விடை காணாமல் வாங்கும் எந்தப் பொறியும், எத்துணை விலையுயர்ந்ததாயினும், அரைகுறையாகவே பயன்படும். காரணம் கூறுகிறோம், சற்றே நுட்பமான செய்தி, பொறுத்துக் கேளுங்கள்.

4கே எனப்படும் படம் ஒன்றில் குறுக்கே 3,840 பிக்சல், நெடுக்கே 2,160 பிக்சல். பெருக்கினால் ஏறத்தாழ 83 இலட்சம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். சுருக்காமல் வைத்தால் ஒரே ஒரு படத்துக்கு 25 எம்.பி. இடம் வேண்டும். நொடிக்கு 25 படங்கள் எனில் 620 எம்.பி.க்கு மேல். இதனை எந்தக் கைபேசியும் அப்படியே எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆதலின் கேமரா படத்தைச் சுருக்குகிறது. சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். இன்று பெருவழக்கில் உள்ளவை எச்.264, எச்.265 என்னும் இரண்டு.

சுருக்கும் வகையை நம் பழைய மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். அவர் மாதத்தின் முதல் நாளில் மட்டும் முழு இருப்பையும் எழுதி வைக்கிறார். பிற நாட்களில் வரவென்ன செலவென்ன என்று மாற்றத்தை மட்டும் குறிக்கிறார். ஏடு சிறிதாகிறது, நன்மைதான். ஆனால் பதினேழாம் நாள் இருப்பு என்ன என்று திடீரெனக் கேட்டால், முதல் நாளிலிருந்து கூட்டிக் கழித்து வந்தே விடை சொல்ல வேண்டும். கேமராவும் இங்ஙனமே சில படங்களை மட்டும் முழுமையாக எழுதி, இடைப்பட்டவற்றில் மாறிய பகுதியை மட்டும் எழுதுகிறது. நாம் படத்தை நேரே ஓடவிட்டுப் பார்க்கும்போது இடர் இல்லை. தொகுப்பவரோ முன்னும் பின்னும் இழுத்து, பதினேழாம் படத்தில் நிறுத்தி, நான்காம் படத்துக்குத் திரும்பி, மீண்டும் பதினெட்டுக்கு வருவார். ஒவ்வொரு முறையும் பொறி கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். படம் திக்கித் திணறுவது இதனால்தான். பெற்றோர் அதனைக் கண்டு, “இவ்வளவு பணம் கொடுத்தும் நின்று நின்று ஓடுகிறதே” என்று வருந்துவர்.

இக்கணக்கைப் போடுவதற்கென்றே சிப்பினுள் தனியான ஒரு சிறு பகுதி அமைந்துள்ளது. நம் கோப்பின் வகையை அப்பகுதி அறிந்திருந்தால் வேலை எளிதில் முடியும். அறியாவிடில் ப்ராசஸர் தன் முழு வலிமையையும் செலுத்தித் தடுமாறும். கைபேசிகளும் எளிய கேமராக்களும் வழக்கமாக எழுதும் கோப்புகளை இன்றைய பொறிகள் யாவும் அறியும். சோனி, கேனன் முதலிய நிறுவனங்களின் புதிய மிரர்லெஸ் கேமராக்களில், திருமணப் படம் எடுப்போர் விரும்பிப் பயன்படுத்தும் வகை ஒன்று உண்டு. 10-பிட் 4:2:2 எனப்படுவது. 8-பிட் என்றால் 1 கோடியே 67 இலட்சம் வண்ணங்கள். 10-பிட் என்றால் 107 கோடி. 4:2:2 என்பது இரண்டு பிக்சலுக்கு ஒரு வண்ணக் குறிப்பு. எளிய கேமராவின் 4:2:0 என்பது நான்கு பிக்சலுக்கு ஒன்று. வண்ணத்தைப் பின்னர் திருத்தியமைக்க முந்தையதே ஏற்றது. ஆனால் எச்.265 முறையில் அமைந்த இக்கோப்பை எல்லாச் சிப்புகளும் அறியா. 2020-இல் வந்த பதினோராம் தலைமுறை முதலான இன்டெல் மடிக்கணினிச் சிப்புகளின் உள்ளமைந்த கிராபிக்ஸ் பகுதி அறியும். அதே ஆண்டில் எம்1 உடன் தொடங்கிய ஆப்பிளின் எம் வரிசையும் அறியும். என்விடியாவின் கார்டுகளோ 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையிலிருந்தே அறியும். அதற்கு முந்தைய 30, 40 வரிசைகள் அறியா. ஆகவே ஏ.எம்.டி. ப்ராசஸரும் ஆர்.டி.எக்ஸ். 40 வரிசைக் கார்டும் கூடிய ஒரு பொறி, விளையாட்டில் புலியாக இருந்தும், இக்கோப்பின் முன் பூனையாகிவிடும். அதன் பாதி விலையுள்ள இன்டெல் பொறி அதே கோப்பைத் தடையின்றி ஓட்டிக் காட்டும். விலைச் சீட்டில் இச்செய்தி இராது.

இதுவரை கூறியது படத்தை வெட்டி ஒட்டும் வேலைக்கு. கிராபிக்ஸ் கார்டு உண்மையில் தன் வலிமையைக் காட்டுவது வண்ணத் திருத்தம், இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிகளை நீக்குதல், பிளெண்டரில் முப்பரிமாண உருவங்களை வரைந்து முடித்தல் ஆகியவற்றில்தான். இங்கே இரண்டு செய்திகளைக் கேட்டறிய வேண்டும். ஒன்று, கார்டின் சொந்த நினைவகம் எத்தனை ஜி.பி. என்பது. மடிக்கணினிகளில் ஆர்.டி.எக்ஸ். 4050-க்கு 6 ஜி.பி., 4060-க்கும் 4070-க்கும் 8 ஜி.பி. ஆகும். பிளெண்டரில் அமைத்த காட்சி இந்நினைவகத்தில் அடங்காவிடில் வேலை மிக மெதுவாகும், அன்றி நின்றே போகும். மற்றொன்று, எத்தனை வாட் மின்னாற்றல் அக்கார்டுக்குக் கிடைக்கிறது என்பது. பலர் அறியாததும் இதுவே. மடிக்கணினிக்குரிய ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ள என்விடியா நிறுவனம் இடமளித்தது. ஒரே பெயர், ஒரே சீட்டு. ஒன்று மாட்டு வண்டி, மற்றொன்று மெயில் வண்டி. மெல்லிய அழகிய உடலில் அடைக்கப்பட்ட கார்டுக்குப் பெரும்பாலும் குறைந்த வாட்டே கிடைக்கும். மேசைக் கணினிக் கார்டின் பெயரையும் மடிக்கணினிக் கார்டின் பெயரையும் ஒன்றெனக் கொள்வதும் ஆகாது. மேசைக் கணினியின் ஆர்.டி.எக்ஸ். 4090-இல் 24 ஜி.பி. நினைவகம், அதே பெயர் தாங்கிய மடிக்கணினிக் கார்டில் 16 ஜி.பி.யும் அதனினும் சிறிய சிப்பும் உள்ளன. ஆகவே கார்டின் பெயரைக் கேட்டபின், “வாட் எவ்வளவு?” என்றும் கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிடில் நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் தேடிக் காட்டச் சொல்லலாம்.

தில்லியில் வாழும் நமக்கு இவ்வாட் கணக்கில் கோடையும் ஒரு பங்காளி. மே, ஜூன் திங்களில் வெளியே 45 பாகை வெயில். மூன்றாம் மாடி வீட்டின் அறையில் அதற்குச் சற்றே குறைவு. வேலை செய்யும் சிப்பின் வெப்பம் நூறு பாகையை நெருங்கியதும் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடையின் குளிரூட்டிய அறையில் பத்து நிமிடத்தில் முடிந்த வேலை, நம் வீட்டில் கூடுதல் நேரம் எடுப்பதன் காரணம் இதுவே, பொறியில் பழுதில்லை. இரண்டு விசிறிகளும் காற்று வெளியேறப் போதிய வாயில்களும் உள்ள சற்றே தடித்த பொறியை, நம் பிள்ளைகள் ‘செங்கல்’ என்று ஏளனம் செய்தாலும், மறுக்க வேண்டா. மெத்தையின் மேல் வைத்து வேலை செய்தல் கூடாது, காற்றுவாயில் அடைபடும். கூலரின் நேர் எதிரே வைத்தலும் நன்றன்று, ஈரக் காற்று. இராசத்தானத்துப் புழுதிக் காற்றுக்குப் பின் ஆண்டுக்கொருமுறை விசிறியைத் தூய்மை செய்வித்தல் நலம்.

ரேம் பற்றிச் சுருங்கக் கூறுவோம். அடோபி நிறுவனம் தன் பிரீமியர் மென்பொருளுக்கு எச்.டி. படம் எனில் 16 ஜி.பி.யும், 4கே எனில் 32 ஜி.பி.யும் பரிந்துரைக்கிறது. டாவின்சி ரிசால்வ் 16 ஜி.பி. கேட்கிறது, அதனுள்ளே அமைந்த ஃபியூஷன் என்னும் பகுதியைப் பயன்படுத்தினால் 32. எனவே 8 ஜி.பி. பொறியை இவ்வேலைக்கென எவரும் வாங்க வேண்டா. 16 ஜி.பி.யில் தொடங்கலாம், ஆயின் ரேமைப் பின்னர் மாற்றும் வசதி உண்டா, அன்றிப் பலகையோடு பற்றவைத்துவிட்டார்களா என்று கேட்டறிதல் வேண்டும். மெல்லிய பொறிகள் பலவற்றில் பற்றவைத்தே வருகிறது. ஆப்பிளின் மடிக்கணினிகளில் பின்னர் கூட்ட வழியே இல்லை, வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். மாற்றக்கூடிய பொறியில் 16 ஜி.பி. ஒரே துண்டாக இருப்பதைவிட எட்டும் எட்டுமாக இரண்டு துண்டுகள் இருப்பின் தகவல் இரு வழியாகப் பாயும்; வேகம் கூடும். 2025-ஆம் ஆண்டின் இறுதித் திங்களில் உலகெங்கும் ரேம் விலை கடுமையாக ஏறியது. “இப்போது குறைவாக வாங்கி அடுத்த ஆண்டு மலிவாகக் கூட்டிக்கொள்வோம்” என்ற பழைய கணக்கை அப்படியே நம்புவதற்கில்லை.

இனித் திரை. இதில் தாய்மார்களின் அறிவே நமக்கு வழிகாட்டி. பட்டுப்புடவைக் கடையில் குழல்விளக்கின் கீழ்ப் புடவையைக் காட்டினால் எந்த அம்மையாரும் நம்புவதில்லை. வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தே அரக்கா, மாம்பழச் சிவப்பா என்று முடிவு செய்வார். மடிக்கணினியின் திரையையும் அப்படியே ஐயுற வேண்டும். விலை குறைந்த பொறிகள் பலவற்றின் விவரத் தாளில் ‘45 விழுக்காடு என்.டி.எஸ்.சி.’ என்று காணப்படும். அதன் பொருள், வலைத்தளங்களும் பெரும்பாலான திரைகளும் பொதுவாகக் கொள்ளும் எஸ்.ஆர்.ஜி.பி. வண்ண அளவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைத்தான் அத்திரை காட்ட வல்லது என்பதே. அதில் பார்த்து வண்ணம் திருத்துபவர், வெளிறிய சிவப்பைக் கண்டு அதனைக் கூட்டுவார். மற்றவர் திரையில் அது கண்ணைக் குத்தும். மணமகளின் அரக்குப் புடவை தக்காளி நிறமாகிவிட்டால் அத்திருமணப் படத்துக்குப் பணம் தருவோர் யார்? ‘100 விழுக்காடு எஸ்.ஆர்.ஜி.பி.’ என்று எழுதியிருப்பதே நமக்கு வேண்டியது. அழைப்பிதழும் சுவரொட்டியும் வடிவமைக்கும் பெண்ணுக்கு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் வேலைக்கு நல்ல திரையும் போதிய ரேமுமே முதன்மை. அப்பெண்ணுக்கு விளையாட்டுப் பொறியை விற்பவர் பயன்படாத பொருளுக்கு விலை வாங்குகிறார் என்றே சொல்வோம்.

அழைப்பிதழ் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது; தலைப்புக்குச் சற்று அப்பாற்பட்டதாயினும் நம் சங்கத்தாருக்குப் பயன்படும். தமிழில் எழுத்திடும்போது கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகச் சிதறி நிற்பதைக் கண்டு, கணினி வலுவற்றது, புதிது வாங்க வேண்டும் என்று கருதும் இளைஞர்கள் உளர். கணினிக்கும் அதற்கும் தொடர்பில்லை. போட்டோஷாப்பில் எழுத்து அமைப்புக்குரிய விருப்பங்களில் ‘வேர்ல்ட்-ரெடி’ என்னும் முறையைத் தேர்ந்து, யூனிகோடு எழுத்துருவை இட்டால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். செலவு ஏதுமில்லை.

சேமிப்பிடம் பற்றி நீண்ட பேச்சு வேண்டா. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் எழுதும் கேமரா ஒரு மணி நேரத்தில் 45 ஜி.பி. நிரப்பும். மூன்று கேமராக்கள் ஆறு மணி நேரம் ஓடிய திருமணம் எனில் 810 ஜி.பி. ஆயிற்று, 1 டி.பி. எஸ்.எஸ்.டி. ஒரே திருமணத்தில் தீர்ந்தது. ஆகவே உள்ளே 1 டி.பி.யும், வெளியே தனியாக இரண்டு சேமிப்புப் பெட்டிகளும் வேண்டும். ஏன் இரண்டு? ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்க வேண்டும். பிறர் வீட்டுத் திருமணத்தை மறுமுறை நடத்திப் படமெடுக்க முடியாதல்லவா?

ஆப்பிளா, விண்டோஸா என்ற வழக்கு நம் இளைஞர்களிடையே சைவ வைணவ வழக்கினும் கடுமையாக நடைபெறுகிறது. எம் கருத்து இது. படத்தொகுப்பே தொழில் எனில் ஆப்பிள் மடிக்கணினி அமைதியாக ஓடும். மின்கலத்தில் ஓடும்போதும் வேகம் பெரிதும் குறையாது. விளையாட்டுப் பொறிகளோ மின்கம்பியைப் பிடுங்கினால் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடும். முப்பரிமாண வேலையே தொழில் எனில் அதே விலைக்கு என்விடியா கார்டு கொண்ட விண்டோஸ் பொறி பிளெண்டரில் முந்திச் செல்லும். 3டிஎஸ் மேக்ஸ் என்னும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குவது. ஃபைனல் கட் ஆப்பிளில் மட்டும். இதனாலேயே, கல்லூரியில் இடம் கிடைத்தபின், முதற்பருவத்திலும் மூன்றாம் பருவத்திலும் எந்த மென்பொருள் கற்பிக்கப்படும் என்று துறையினரைக் கேட்டறிந்து அதன் பிறகே பொறி வாங்குதல் வேண்டும் என்கிறோம். சேர்க்கைக்கு முன்னரே அவசரப்பட்டு வாங்குவதில் நன்மை எதுவும் நமக்குப் புலப்படவில்லை.

அப்படியாயின் பணம் போதாதவர் என் செய்வது? இங்கேதான் மகிழ்ச்சியான செய்தி உள்ளது. ப்ராக்ஸி என்றொரு முறை உண்டு. 4கே கோப்பு ஒவ்வொன்றுக்கும் சிறிய நகல் ஒன்றை மென்பொருளே செய்து கொடுக்கும். 1,280-க்கு 720 என்ற அளவில் செய்தால் பிக்சல்கள் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். வெட்டுதல், ஒட்டுதல் யாவும் நகலில் செய்து, இறுதியில் மென்பொருள் மூலத்தை மீண்டும் பொருத்தி முழு அளவில் வெளியிடும். நகல் செய்ய இரவு முழுவதும் ஆகலாம். பிள்ளை உறங்கும்போது பொறி வேலை செய்யட்டும். பிரீமியரிலும் ரிசால்விலும் இவ்வசதி உண்டு. ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே 3,840-க்கு 2,160 அளவு வரை வெளியிடலாம். வீட்டில் இப்போதுள்ள ஐந்தாண்டுப் பழைய பொறியில் எஸ்.எஸ்.டி.யும் 16 ஜி.பி. ரேமும் இருந்தால் முதலாண்டு முழுவதையும் இம்முறையில் கடத்திவிட முடியும். ஓராண்டு கழிந்தபின், தன் வேலை தொகுப்பா, முப்பரிமாணமா என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். அன்று வாங்கும் பொறி சரியான பொறியாக அமையும். விடுதிக்குத் தூக்கிச் செல்லத் தேவையில்லாதவர், அதே தொகைக்கு மேசைக் கணினி வாங்கினால் ஆற்றலும் மிகுதி, பின்னர் உறுப்புகளை மாற்றவும் எளிது.

பழைய பொறியை விலைக்கு வாங்குவோர் ஒன்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொதுப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பொறியா என்று உறுதி செய்தல் வேண்டும். இன்டெல் எனில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை விட்டுவிடலாம். புதிது வாங்குவோர் வரியை நினைவிற் கொள்க. மடிக்கணினிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, ரூ.1,18,000 கொடுத்தால் அதில் ரூ.18,000 வரி. வீட்டில் எவரேனும் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற தொழில் நடத்தி, அத்தொழிலுக்கென்றே பொறியை வாங்கினால், பதிவெண்ணுடன் பட்டியல் பெற்று அவ்வரியைத் தம் வரியில் கழித்துக்கொள்ள வழியுண்டு. பட்டியலின்றி மலிவாகத் தருவதாகச் சொல்லும் கடையில் வாங்கினால் உத்தரவாதமும் அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

இறுதியாக, நேரு பிளேஸுக்குச் செல்லும் நாளன்று செய்ய வேண்டியது. பிள்ளை எந்தக் கேமராவைப் பயன்படுத்துமோ, அதில் எடுத்த ஐந்து நிமிடக் கோப்பு ஒன்றைச் சிறிய எஸ்.எஸ்.டி.யில் எடுத்துச் செல்லுங்கள். காட்சிக்கு வைத்த பொறியில் ரிசால்வ் நிறுவ அனுமதி கேளுங்கள். சில கடையினர் மறுப்பர், சிலர் இசைவர், ஒன்றரை இலட்சம் செலவிடுபவர் கேட்பதில் நாணம் வேண்டா. கோப்பை இட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அதன்மேல் இன்னொரு கோப்பை அடுக்கி, வண்ணத்தைச் சற்றே மாற்றி ஓடவிடுங்கள். பின்னர் முழுவதையும் வெளியிடச் சொல்லி நேரம் குறியுங்கள். உடனே மறுமுறையும், மூன்றாம் முறையும் அதையே செய்யுங்கள். முதல் முறை ஐந்து நிமிடமும் மூன்றாம் முறை எட்டு நிமிடமும் ஆயின், அப்பொறி வெப்பத்தைத் தாங்கவில்லை என்று பொருள். விசிறியின் ஓசையையும் கேளுங்கள். விடுதி அறையில் உடன் தங்குவோர் உறங்க வேண்டும். கடையில் இச்சோதனைக்கு இசையாவிடில், வாங்கிய பின் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதைப் பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அன்றிரவே வீட்டில் செய்துவிடுங்கள்.

வரும் கோடையில் வாங்க எண்ணுவோர், தாம் பார்த்து வைத்த பொறியின் முழு விவரத் தாளையும் பிள்ளையின் கல்லூரிப் பாடத்திட்டத்தையும் எடுத்துக்கொண்டு, ஞாயிறு மாலைகளில் சங்கத்தின் நூலக அறைக்கு வரலாம். உடன் அமர்ந்து வரி வரியாகப் படித்துப் பார்ப்போம். பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். அவர்கள் எடுத்த படத்தையும் அங்கேயே ஓட்டிப் பார்த்துவிடலாம்.